கண்ணீர் காதலுக்கு, சங்கிலி யாருக்கு?

1999-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ‘சேது’ என்ற படம் வெளிவந்தது. தலையில் அடிபட்டு அறிவு கலங்கிய இளைஞன் ஒருவன். அவனை ஒரு மடத்தில் சேர்க்கிறார்கள். அங்கே அவனுக்குச் சங்கிலி. நாளடைவில் அவன் தெளிவடைகிறான். ஆனால், அவன் தெளிந்துவிட்டான் என்பதைக் கண்டுகொள்வார் அங்கே எவருமில்லை. தப்பி வருகிறான். வந்து பார்த்தால், காதலி பிணமாகக் கிடக்கிறாள். மீண்டும் அந்த மடத்துக்கே போகிறான். படம் முடிகிறது. ஊர்தோறும் மக்கள் அழுதனர். அழுதுகொண்டே கொட்டகையை விட்டு வெளியே வந்தனர்.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், கூரை வேய்ந்த மனநலக் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். ஓடத் தெரியாமல் அல்ல, தோழர்களே, ஓட முடியாமல்! அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள்.

படத்துக்கும் தீக்கும் இடையே இருபது மாதங்கள். திரையில் கண்ட அந்தச் சங்கிலி உண்மையில் எந்த ஊரில் கிடக்கிறது, பூட்டியவர் யார், சாவி யார் இடுப்பில் என்று அந்த இருபது மாதங்களில் கேட்ட குரல்கள் எத்தனை? நாடு அழுதது காதலுக்கு! சங்கிலியோ, சோகத்துக்குச் சுவை கூட்ட வந்த அணியாகவே கண்ணில் பட்டது, அநீதியாகப் படவில்லை. படம் எடுத்தவர் தீ வைத்தார் என்று நாம் கூற வரவில்லை. சங்கிலியை மறைக்காமல் காட்டினார் என்பதற்காக அவரைப் பாராட்டவும் செய்யலாம். ஆனால், காட்டப்பட்டதைக் கண்டும் காணாத கண்களை நமக்குப் பழக்கிவிட்டது எது? அதைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம்.

★

மனநோயாளர் நம் திரையில் மூன்றே வேடத்தில் வருகிறார்: கொலைகாரர், கோமாளி, கணத்தில் குணமாகிறவர்.

கொலைகாரரைப் பாருங்கள். 2005-இல் வந்த ‘அந்நியன்’, ஒருவனுக்குள் மூவர் என்ற நோயைக் கதையாக்கிற்று. நாயகன் பிடிபடுகிறான், மருத்துவம் நடக்கிறது, குணமாகிவிட்டான் என்று வெளியே விடுகிறார்கள். முடிவில் என்ன? ஓடும் தொடர்வண்டியிலிருந்து ஒருவனைத் தள்ளிக் கொல்கிறான். ஒன்றுமறியாதவன்போல் மனைவியிடம் திரும்புகிறான். கொட்டகையில் கைதட்டல்! ‘குணமானேன் என்று சொல்லுகிறவனை நம்பாதே’ என்பதன்றி வேறு எந்தப் பாடத்தை அது வீட்டுக்கு அனுப்பிற்று? மருத்துவமனையிலிருந்து திரும்பி, வாடகைக்கு ஓர் அறை தேடி அலையும் எளிய மனிதனின் முகத்தில் அந்தக் கதவு எப்படிச் சாத்தப்படும் என்று எண்ணிப் பார்த்தவருண்டா? கடும் மனநோய் உடையவர்களில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்காதவர்கள், தாக்கப்படுவது அவர்களே. ஆராய்ச்சி கூறும் உண்மை இது. திரை அதைத் தலைகீழாக்கித் தருகிறது.

கோமாளியைத் தேடித் திரைக்குப் போகவும் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ‘இவன் கீழ்ப்பாக்கம் போக வேண்டியவன்’ என்று ஐந்தாம் வகுப்புச் சிறுவன் பக்கத்துச் சிறுவனைப் பழிக்கிறான், வகுப்பே சிரிக்கிறது. கீழ்ப்பாக்கம் சென்னையின் ஒரு பகுதி. 1794-இல் தோன்றிய ஒரு மருத்துவ நிலையத்தின் இருப்பிடம். எலும்பு முறிந்தவர் செல்லும் மருத்துவமனையின் பெயர் வசைச்சொல் ஆனதுண்டா? கண் மருத்துவமனையின் பெயர் சொன்னால் சிரிப்பு வருகிறதா? ஓர் ஊரின் பெயரையே சிரிப்பாக மாற்றியது யார்? ஆண்டாண்டாய் நகைச்சுவைக் காட்சிகள் ஊட்டிய பால் அது. பிள்ளைகள் அதைக் குடித்து வளர்ந்தார்கள்.

மூன்றாமவர் கணத்தில் குணமாகிறவர். 1970-இல் வந்த ‘எங்கிருந்தோ வந்தாள்’ படத்தில், அறிவு கலங்கிய செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் துணையாகப் பணம் கொடுத்து ஒரு பெண்ணை அழைத்து வருகிறார்கள். அவளே மருந்து, அவளே மருத்துவச்சி, அவள் மானமே கட்டணம். அவன் தெளிந்ததும் அவள் யாரென்றே அறியான். காதல், அதிர்ச்சி, அடி, பாட்டு – இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும், நம் திரையில் சித்தம் தெளிய! மாத்திரை வேண்டாம், மாதங்கள் வேண்டாம், மனிதர்கள் வேண்டாம்.

மூன்று வேடங்களுக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள். கொலைகாரர் என்றால் அஞ்சி ஒதுங்குவோம். கோமாளி என்றால் சிரித்துவிட்டு நகர்வோம். கணத்தில் குணமாகிறவர் என்றால் அந்தக் கணம் வரட்டும் என்று காத்திருப்போம். மூன்றிலும் அண்டை வீட்டாருக்கு வேலையே இல்லை! ஊருக்கு ஒரு கடமையும் இல்லை! நம் கதைகள் செய்த பெருங்கேடு நோயைத் தவறாகக் காட்டியது மட்டுமன்று. ஊராரைக் குற்றத்திலிருந்தும் கடமையிலிருந்தும் ஒருசேர விடுதலை செய்துவிட்டதுதான்.

★

உண்மையில் நோய் எப்படிப்பட்டது?

மனச்சிதைவு பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டும் நோய். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் வயதில்! இல்லாத குரல் காதில் கேட்கும், எல்லாரும் தனக்கெதிராகச் சதி செய்வதாகத் தோன்றும், ஆவல் அடங்கும், பேச்சு குறையும், குளிப்பதும் உண்பதும்கூடப் பெருஞ்சுமையாகும். 1952-இல் பிரான்சு நாட்டில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, காதில் கேட்ட குரல்கள் பலருக்கு அடங்கக் கண்டார்கள். மனநோய் மருத்துவத்தின் புதுக் காலம் அன்று பிறந்தது. அதற்குப் பின் வந்த மருந்துகள் பல. ஆயினும், குரல் அடங்குவது வேறு. வாழ்வு மீள்வது வேறு. மருந்தால் உடல் பருக்கும், கை நடுங்கும், தூக்கம் அழுத்தும். அதனால் நோயாளர் மருந்தை நிறுத்துவார். நிறுத்தினால் நோய் திரும்பும். குரல் அடங்கிய பின்னும் வேலை இருக்காது, நண்பர் இருக்கமாட்டார், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பு இருக்காது. இந்த இரண்டாம் பாதியை மருந்துச் சீட்டில் எழுத முடியுமா? அதை ஊர்தான் எழுத வேண்டும்.

ஊர் எழுதிக் காட்டியும் இருக்கிறது. 1950-களில் அமிர்தசரசு மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், நோயாளரின் தாயையும் தந்தையையும் வெளியே நிறுத்தாமல், வளாகத்தில் கூடாரம் அடித்து உடன் தங்கச் செய்தார். நோயைப் பற்றி அவர்களுக்குக் கற்பித்தார். கீழ்ப்பாக்கத்தில் நெடுங்காலம் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், 1984-இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1993-இல் சென்னையில் பிறந்த ‘பான்யன்’, தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்குப் புகலிடம் ஆயிற்று. குணமடைந்தும் போக வீடில்லாமல் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்கிவிட்ட பெண்களுக்காக, 2015 முதல் மற்றொரு வழி கண்டார்கள். ஊருக்கு நடுவே சாதாரண வீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பது. அதில் நான்கைந்து பேர் சேர்ந்து வாழ்வது. துணைக்கு ஒரு பணியாளர் இருப்பது. காய் வாங்குவதும், கதவைப் பூட்டிச் சாவியைத் தாமே வைத்துக்கொள்வதும் அங்கே மருத்துவம்!

‘இதெல்லாம் நல்ல உள்ளத்தின் நற்செயல், அறிவியலா?’ என்று கேட்பவருக்கும் விடை உண்டு. தமிழ்நாட்டின் ஊரகப் பகுதி, கோவா, மராட்டியத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில், மனச்சிதைவு உடைய 282 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவினருக்கு அதனோடு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் வீடு தேடி வருவார். அவர் மருத்துவர் அல்லர். நோயை விளக்குவார், மருந்தை நினைவூட்டுவார், வேலைக்கு வழி தேடுவார், உதவித்தொகைக்கு மனு எழுத உதவுவார். முடிவு 2014-இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. வீடு தேடி ஆள் வந்த பிரிவினரின் நிலை மேம்பட்டிருந்தது. பெரும் புரட்சி என்று ஆய்வாளர் கூறவில்லை, வேறுபாடு அளவானது, செலவும் கூடுதல். ஆனால், மூன்று இடங்களில் அந்த முறை நன்கு பயன் தந்த இடம் தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பகுதியே! இதைச் சொல்ல நமக்கு ஒரு திரைப்படம் உண்டா? ஒரு நாடகம் உண்டா?

★

இனி, பகுத்தறிவாளர் நாம் என்று நெஞ்சு நிமிர்த்துவோர்க்கு ஒரு சொல்.

2005-இல் வந்த ‘சந்திரமுகி’ படத்தின் நாயகர் மனநல மருத்துவர். ‘பேயல்ல, நோய்’ என்று அவர் கூறும்போது நமக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. பொங்கிய மகிழ்ச்சி அடங்குமுன், அதே மருத்துவர் மந்திரவாதியைத் துணைக்கழைத்துப் பேயோட்டும் நாடகத்தையே மருத்துவமாக நடத்துகிறார். அறிவியல் வாசலில் வந்து பேசிற்று; கூடத்தில் ஆடியது மந்திரமே! இதைக் கண்டிப்பது எளிது, கண்டிக்கவும் வேண்டும்.

ஆனால், கண்டித்துவிட்டால் வேலை முடிந்ததா? மனநோய் கண்ட மகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் தர்காவுக்கோ கோயிலுக்கோ ஏன் போகிறாள்? மடமையால் மட்டுமா? அவள் ஊரில் மனநல மருத்துவர் இல்லை. இருக்குமிடம் செல்லப் பேருந்துக்குக் காசில்லை. அங்கே நெடுநேரம் காத்திருந்தால் சில நிமிடம் பேச்சு. கோயிலிலோ, உட்கார நிழல், படுக்க இடம், ‘உனக்கு மட்டுமா இந்தத் துன்பம்?’ என்று கேட்கும் பக்கத்துத் தாய். 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, கடும் மனச்சிதைவு வகை நோய் உடையோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் உரிய சிகிச்சை பெறாதிருப்பதைக் கண்டது. அந்த மூவரும் எங்கே போவார்கள்? வானத்துக்கா?

2002-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஏட்டில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில், மனநோயாளர் வந்து தங்கும் ஒரு கோயிலில் 31 பேரை ஆய்ந்தார்கள். மருந்தில்லாமலே அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஆத்திகர் துள்ளிக் குதிக்க வேண்டாம்; நாத்திகர் நாளேட்டைக் கிழிக்கவும் வேண்டாம். ஆய்வாளர் அதற்குக் கூறிய காரணம் தெய்வமன்று. அங்கே அச்சுறுத்தல் இல்லை, குடும்பத்தார் உடனிருந்தனர், பரிவும் இதமும் சூழ்ந்திருந்தன. சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவும் அதில் இல்லை. ஆனாலும் அது சுட்டும் திசை தெளிவு. சிலைக்கு உரிய வெற்றியன்று அது, திண்ணைக்கு உரியது. பகுத்தறிவு கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தத் திண்ணையை, அந்தப் பரிவை, மருந்தோடு சேர்த்து ஊர்தோறும் நம்மால் தர முடியாதா?

குசராத்தின் உனாவா தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும், வேண்டுதலுக்கு வருவோர்க்கு அங்கேயே மருத்துவரைக் கொண்டுவந்து மருந்தும் கொடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கொள்கையில் கண்டிப்பு உடையோர் சிலருக்கு இது கசக்கலாம். நோயாளருக்கு மருந்து எட்டுகிறதே! மூடநம்பிக்கையை ஒழிக்கும் வழி, அதை நம்பி வந்தவரைப் பட்டினி போடுவதன்று. அதைவிட நல்லதை அவர் கைக்கெட்டும் தொலைவில் வைப்பது.

★

‘கலைஞன் கதை சொல்ல வந்தவன். அவனை மருத்துவக் கையேடு எழுதச் சொல்கிறீரா?’ என்பார் இலக்கிய அன்பர்.

இல்லை, அன்பரே! கையேடு வேண்டாம், கதைதான் வேண்டும். நீங்கள் முடித்துவிட்ட இடத்தில்தான் கதை தொடங்குகிறது என்கிறோம். குணமாகி வந்தவன் முதல் மாதக் கூலியை எண்ணிப் பார்க்கும் கணம் நாடகமில்லையா? பெண் பார்க்க வருவோர் கண்ணில் படாமல் மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் ஒளிக்கும் தாயின் கை கதையில்லையா? ‘அறை காலியில்லை’ என்று பொய் சொல்லும் வீட்டுக்காரனின் தடுமாற்றம் சிறுகதைக்குப் போதாதா? 2012-இல் வந்த ‘3’ என்ற படம் இருமுனை மனநோயை எடுத்துக்கொண்டது. நாயகனின் நோயை அறிந்தவன் ஒரே ஒரு நண்பன். மனைவிக்கும் அது மறைபொருள். அந்த மறைப்பே நஞ்சு என்று படம் ஒருமுறை உரக்கச் சொல்லியிருந்தால், எத்தனை வீடுகளில் எத்தனை வாய்கள் திறந்திருக்கும்! சாவோடு முடித்து, மறுபடியும் காதலுக்கே கண்ணீரைக் கேட்டது.

நம் மொழியில் மாற்று வழியே இல்லையா? உண்டு. 2003-இல் மறைந்த எழுத்தாளர் கோபிகிருஷ்ணன் உளவியல் கற்றவர். மனத்தின் துன்பத்தைத் தம் வாழ்விலும் அறிந்தவர். அவர் எழுதிய நூலின் பெயர் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’. பெயரிலேயே ஒரு புரட்சி இருக்கிறது. வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர் பேசவில்லை. உள்ளே இருப்பவர் பேசுகிறார். கொட்டகைகள் நிரம்பி வழியும் நாட்டில் அந்த நூல் எத்தனை நூலக அலமாரியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

கலை எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இத்தாலியிலிருந்து ஒரு சான்று. திரியெஸ்தே நகரில், ஏறத்தாழ 1,200 பேர் அடைபட்டிருந்த மனநோய் மருத்துவமனைக்கு 1971-இல் பிராங்கோ பசாலியா இயக்குநராக வந்தார். கதவுகளைத் திறந்தார், கட்டிப்போடுவதை நிறுத்தினார். கூலியின்றிக் கூட்டிப் பெருக்கிய நோயாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்கு ஊதியம் பெற்றனர். 1973-இல் நோயாளரும் கலைஞரும் சேர்ந்து மாபெரும் நீலக் குதிரை ஒன்றைச் செய்தார்கள். மருத்துவமனையில் துணி வண்டி இழுத்த மார்க்கோ என்ற குதிரையின் நினைவாக ‘மார்க்கோ கவால்லோ’ என்று பெயரிட்டார்கள். ஊர்வலமாக நகருக்குள் கொண்டு செல்லப் புறப்பட்டபோது, குதிரை வாயிலைவிடப் பெரிதாக இருந்தது. என்ன செய்தார்கள்? குதிரையைச் சிறிதாக்கவில்லை, வாயிலை இடித்தார்கள்! ஐந்தாண்டு கழித்து, 1978-இல், புதிய நோயாளரைப் பழைய மனநோய் மருத்துவமனைகளில் அடைப்பதை இத்தாலி நாட்டுச் சட்டம் 180 நிறுத்திற்று. ஊர்நடுவே மனநல மையங்கள் எழுந்தன. கலை அங்கே அழ வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை. வாயிலை இடிக்க வைத்தது.

★

சட்டம் நம் நாட்டிலும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கிறது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்கிறது அதன் 95-ஆம் பிரிவு. 19-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊரில் வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கலாகாது. சமூகத்தின் நடுவே வாழ்வது அவர் உரிமை என்கிறது. உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. ஊரில் இறங்கவில்லை.

மதிப்பெண் இடுவது நம் தொழில். ஆகவே, மனநோயைப் பேசும் எந்தப் படத்துக்கும் கதைக்கும் மூன்று கேள்விகளை வைக்கிறோம். நோயாளர் தம் வாயால் பேசுகிறாரா? குணமான மறுநாள் அவருக்கு உண்டா? அண்டை வீட்டாருக்கு அதில் வேலை உண்டா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று விடை வருமானால், நடிப்பு எவ்வளவு சிறந்ததாயினும், இசை எவ்வளவு இனியதாயினும், படைப்பு தேறவில்லை என்று எழுதுங்கள். மன்றங்களில் பேசுங்கள்.

பேசுவதோடு நில்லாதீர்கள், தோழர்களே! அதே மூன்று கேள்விகளை உங்கள் தெருவுக்கும் வையுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கிற்று. அரசு மருத்துவமனையில் அதன் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்பதைக் கேட்டறிந்து படிப்பக வாசலில் எழுதி வையுங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண் 2022 முதல் இருக்கிறது. அதையும் பக்கத்தில் எழுதுங்கள். மகனை அழைத்துச் செல்லத் துணையின்றித் தவிக்கும் தாயோடு ஒருநாள் பேருந்தில் ஏறுங்கள். குணமாகி வந்தவருக்குத் தேநீர்க் கடையிலோ அச்சகத்திலோ ஒரு வேலை கேட்டு வாங்கித் தாருங்கள். ‘கீழ்ப்பாக்கம்’ என்று எவனேனும் சிரித்தால், நீங்கள் சிரிக்காதீர்கள். அந்த ஒரு நொடி மௌனம், ஆயிரம் மேடைப் பேச்சுக்கு ஈடு.

ஏர்வாடியில் மாண்ட 28 பேரும் கண்ணீர் கேட்கவில்லை. சாவி கேட்டார்கள். அது அன்று ஒரு காப்பகத்துக்காரரிடம் இருந்தது. இன்று ஊராகிய நம் கையில் இருக்கிறது.